மழைத்தண்ணி பிடிச்ச கதை: திருகோணமலைக்காரர் சொல்லுங்கோ

உப்புவெளி (தொடங்கினவர்)

எங்கட வளவிலயிருந்து கடலுக்கு நடந்தா அஞ்சு நிமிசம். 2004 மார்கழி 26 கடல் வந்து கிணத்துக்குள்ள இறங்கின பிறகு, திரும்பத் திரும்ப இறைச்சு, சேறு அள்ளி, ரெண்டு மாரி போனாப்பிறகுதான் அந்தத் தண்ணியில குளிச்சம். இப்பவும் ஆடி ஆவணியில சவர் தட்டும். குழாயில வாறது கந்தளாய்க் குளத்துத் தண்ணி. வாற நாளில நல்லாத்தான் வரும், வராத நாளில தண்ணி கொண்டுவாற பவுசர் லொறிக்கு வாளியோட நிக்கோணும். அப்பிடி நிண்டு அலுத்துத்தான் 5000 லீற்றர் சீமெந்துத் தாங்கி ஒண்டு கட்டுவிச்சனாங்கள்.

முதல் வருசம் செய்த மடத்தனத்தைத்தான் முதல்ல சொல்லோணும். ஐப்பசியில முதல் மழை சோவெண்டு அடிக்குது. மாமி விறாந்தையில நிண்டு, "விடு பிள்ளை, ஒரு சொட்டும் வீணாப் போகக்கூடாது" எண்டு சத்தம். நானும் பீலித் தண்ணி முழுக்கத் தாங்கிக்குள்ள விட்டிட்டன். விடிய மூடியைத் திறந்தா பிளேன்ரீ நிறத்தில தண்ணி, மேல வேப்பஞ்சருகு, காகத்தின்ட எச்சம் ஊறின மணம். மாசக்கணக்காக் கச்சான் காத்து அடிச்சு ஓட்டில படிஞ்ச புழுதியெல்லாம் உள்ளுக்க. அவ்வளவையும் திறந்து வாழைக்கு விட்டம். மாமி அண்டைக்கு முழுக்க என்னோட கதைக்கேல்ல. விடச் சொன்னதே தான்தான் எண்டது அவவுக்கு மறந்துபோச்சு.

இப்ப தாங்கிக்குப் போற குழாய்க்கு முன்னால ஒரு கிளை இறக்கி, அடியில 40 லீற்றர் கான் ஒண்டு பூட்டியிருக்கு. முதல் வாற ஊத்தை அதுக்குள்ள விழும், அது நிரம்பினாத்தான் மற்றது தாங்கிக்குப் போகும். மழை விட்டதும் கானைத் திறந்து ஊத்தோணும், மறந்தா அடுத்த மழைக்கு அது இருந்தும் இல்லாத மாதிரித்தான். நாலங்குலக் குழாயை நிமிர்த்தி வைச்சாக் காணும் எண்டு சொல்லுவினம். ஓராள் உயரக் குழாய் 15 லீற்றர்கூடப் பிடிக்காது, எங்கட கூரைக்கு அது ஒரு மூலைக்கும் காணாது. வருசத்தின்ட முதல் பெருமழையை நாங்கள் தாங்கிக்கு விடுறதே இல்லை.

கணக்கு லேசு. ஒரு சதுர மீற்றர் கூரையில ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தா ஒரு லீற்றர். எங்கட கூரை 1000 சதுர அடி, அது 93 சதுர மீற்றர். 50 மில்லிமீற்றர் பெய்யிற இரவில 4600 லீற்றர் விழும், சிந்தினது தெறிச்சது போக 3700 கையில. கார்த்திகையில ரெண்டு இரவு மழைக்கே தாங்கி வழிஞ்சிடும். அதைக் குளிக்க, உடுப்புத் தோய்க்க, கக்கூசுக்கு எண்டு விட்டா நாலு பேர் வீட்டுக்குப் பத்து நாள் வரும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எண்டா ஆளுக்கு நாளுக்கு அஞ்சு லீற்றர்தான், அப்ப அதே தாங்கி 250 நாள் நிக்கும். தை முடிவில நிரம்பி நிண்டா ஐப்பசி வரைக்கும் ஓடும். தாங்கி கட்டின கன பேர் "மாசிக்கே முடிஞ்சுபோச்சு" எண்டு சலிக்கிறது இந்தப் பிரிப்பைச் செய்யாததாலதான்.

இன்னொண்டு, பருப்பு! கிணத்துத் தண்ணியில ஒரு மணித்தியாலம் கொதிச்சும் கல்லு மாதிரிக் கிடக்கிற பருப்பு, மழைத்தண்ணியில டக்கெண்டு மசியுது. சவுக்காரமும் நுரைக்குது. தேத்தண்ணி வேற தேத்தண்ணி.

நிலாவெளி, தங்குமிடம் நடத்துறன்

அக்கா சொன்ன கணக்கு வீட்டுக்குச் சரி, எங்களுக்குத் தலைகீழ். திருகோணமலையில மழை பெரும்பாலும் ஒக்டோபர் தொடங்கி சனவரிக்குள்ள கொட்டி முடிஞ்சிடும். எங்கட சீசன் சித்திரையில தொடங்கிப் புரட்டாதி வரை. மழை வாற நேரம் ஆக்கள் இல்லை, ஆக்கள் வாற நேரம் மழை இல்லை. எட்டு அறைக்குக் கோடை முழுக்கக் காணக்கூடிய தாங்கி கட்டினா, பிறகு அறைக்கு இடமிராது.

அதால நாங்கள் கூரைத் தண்ணியைக் கிணத்துக்குப் பக்கத்தில ஒரு குழி வெட்டி, அடியில கருங்கல்லு, மேல சல்லி, அதுக்கு மேல மணல் போட்டு நிலத்துக்குள்ள விடுறம். கடற்கரை மணலில நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கிறது. பெரிய மோட்டர் போட்டு ஒரேயடியா உறிஞ்சினா கீழ கிடக்கிற உப்பு மேல ஏறும். எங்களுக்கு அப்பிடி ஒரு சீசன் நாறிப்போச்சு. ஆவணியில முகம் கழுவின பெடியன் ஒருத்தன், "அங்கிள், கடல் தண்ணியா விடுறீங்கள்?" எண்டு கேட்டான். இப்ப சின்ன மோட்டர், நாளுக்கு மூண்டு தரம், கொஞ்சம் கொஞ்சமா மேல்தாங்கிக்கு ஏத்துறம்.

தண்ணி எங்க போகுது எண்டு தேடினதில இன்னொரு கூத்து. கக்கூசுத் தொட்டிகள் ஒழுகுதா எண்டு பார்க்க, கொஞ்சம் கேசரிப் பவுடரை எடுத்துத் தொட்டியில போட்டு விட்டன். ஒழுகினா ஃப்ளஷ் பண்ணாமலே கோப்பைக்குள்ள நிறம் இறங்கும். எட்டில மூண்டு ஒழுக்கு. ஆனா அறைக்காரருக்குச் சொல்ல மறந்துபோனன். விடிய ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பதறியடிச்சு ஓடிவந்து தனக்கு ஏதோ வருத்தம் எண்டு நிக்குது. அந்தப் பிள்ளையைத் தேற்ற ஒரு இளநியும் அரை மணித்தியாலமும் போச்சு. ஒழுக்கை நிப்பாட்டினது சின்ன ரப்பர் வாசர்தான்.

ஏசியிலயிருந்து சொட்டுற தண்ணியையும் வாளியில பிடிக்கிறம். நிலம் துடைக்கக் காணும்.

கோணேசர் கோயில் பக்கம்

எங்களுக்குப் பிரச்சினை குரங்கு. பீலியில தொங்கி விளையாடி மூண்டு கிளிப்பைக் கழட்டிப்போட்டுது. வழிஞ்ச தண்ணிக்கு வாசலில ஒரு பேசின் வைச்சிருக்கிறம், பின்னேரத்தில மான்கள் வந்து குடிச்சிட்டுப் போகும். அதுக்காகவே குரங்கை மன்னிச்சிட்டன்.

கிண்ணியா

எங்கட பள்ளிவாசல்ல வுளூ எடுக்கிற, அதாவது தொழமுதல் கை கால் முகம் கழுவுற, குழாயைத் திறந்துபோட்டுக் கதைச்சிட்டு நிக்கிற ஆக்கள் கனபேர். ஒரு நாள் ஓதவாற பொடியன் ஒருத்தன், குழாய்க்குக் கீழ வாளியை வைச்சு ஒரு ஆளின்ட வுளூத் தண்ணியை அளந்தான். ஆறு லீற்றர்! நபியவர்கள் 'முத்து' எண்ட அரபு அளவையில ஒண்டு தண்ணியில வுளூ செய்தவங்க எண்டு ஹதீஸ் இருக்கு. ரெண்டு கையும் சேர்த்து அள்ளுற அளவு, ஒரு லீற்றரும் வராது. அந்த வாளியை அவன் அப்பிடியே வரிசைக்கு முன்னால வைச்சிட்டுப் போயிட்டான். பயான் பிரசங்கத்தில சொல்லி விளங்காதது வாளியில விளங்கிச்சு. இப்ப குழாயெல்லாம் அமத்தினா மட்டும் வாற குழாய். கழிவுத் தண்ணி வாய்க்காலாப் போய்த் தென்னைக்கு விழுது.

நிலாவெளி நானா, அந்தக் குழி கிணத்துக்கு எவ்வளவு தூரம்?

நிலாவெளி

பத்தடி, நானா. மலசலகூடக் குழி மற்றப் பக்கம், நல்லாத் தள்ளி. அதை முதல்ல பாருங்கோ.

மூதூர், மேசன் வேலை

தாங்கி கட்டுற ஆள் எண்டபடியால ரெண்டு சொல்லு. கம்பி வலையில சீமெந்து பூசிக் கட்டின தாங்கியை ஒருக்காலும் காய விடாதீங்க. கோடையில அடியில ஒரு அடித் தண்ணியாவது நிக்கோணும், காஞ்சா வெடிக்கும். புதுத் தாங்கியில முதல் நிரப்பின தண்ணி சுண்ணாம்பு கைக்கும், அதைக் குடிக்காம ஊத்துங்க.

பீலிக்குச் சரிவு வையுங்க. ஒரு வீட்டில சுகாதார ஆக்கள் வந்து நுளம்புக் குடம்பி எண்டு தாங்கியைத்தான் குற்றம் சொன்னாங்க. ஏணி வைச்சு ஏறிப் பார்த்தா தாங்கி சுத்தம், பீலியில சரிவில்லாம நிண்ட அரையங்குலத் தண்ணிக்குள்ளதான் முழுக்க நெளிஞ்சுது. வழியிற குழாய் வாய்க்கும் நுளம்பு வலை கட்டுங்க.

பாலையூற்று

எங்கட வீட்டுக்கு அஸ்பெஸ்ரஸ் சீற். குடிக்கலாமா?

உப்புவெளி

தங்கச்சி, அஸ்பெஸ்ரஸ் வயித்துக்குள்ள போறதால தீங்கு எண்டு உறுதியான சான்று இல்லை எண்டுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பயம் தூசை மூச்சில இழுக்கிறதுதான். சீற்றை வெட்டாதீங்கோ, காஞ்சிருக்கேக்க தேய்ச்சுக் கழுவாதீங்கோ. உடைஞ்சு மாவாகிற பழைய சீற்றெண்டா நான் குடிக்கமாட்டன், வாழைக்கு விடுவன்.

ஒர்ஸ் ஹில்

2005இல தேசிய மழைநீர்க் கொள்கை வந்தது, 2009இல நகரப் பகுதிப் புதுக் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிக்கோணும் எண்டு வர்த்தமானியும் வந்தது. எங்கட ஒழுங்கையில ஒரு புது மாடி வீடு. பிளானில தாங்கி இருக்கு, வளவில இல்லை. போன ஆவணியில பவுசருக்கு வரிசையில முதல் ஆள் அந்த வீட்டுக்காரர்தான்.

கிண்ணியா

உப்புவெளி அக்கா, 250 நாள் கணக்கு எங்கட வீட்டில எடுபடாது. பிள்ளைகள் திறந்து கால் கழுவுதுகள்.

உப்புவெளி

எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான் நடந்தது. இப்ப தாங்கிக் குழாய்க்குச் சின்னப் பூட்டு. திறப்பு மாமியின்ட சீலைத் தலைப்பில. காலமை ஒரு குடம், பின்னேரம் ஒரு குடம். எனக்கே கேட்டாத்தான் கிடைக்குது.