கொரோனா காற்றில் பரவும் என்று சொல்ல உலக சுகாதார நிறுவனத்துக்கு ஏன் அவ்வளவு காலம் ஆனது?

கேள்வி: செல்வி, ஈரோடு

எனக்கும் என் அண்ணனுக்கும் இதில் தீராத சண்டை. சீனாவுக்குப் பயந்து உலக சுகாதார நிறுவனம் எல்லாவற்றையும் மறைத்தது, அதனால்தான் உலகமே கதவைச் சாத்த வேண்டி வந்தது என்பான் அண்ணன். அவர்கள் எச்சரித்தார்கள், அரசுகள்தான் தூங்கின என்பேன் நான்.

ஆனால் ஒரு இடத்தில் என்னிடம் பதில் இல்லை. 2020 மார்ச் 28 அன்று, கோவிட் காற்றில் பரவாது என்று அந்த நிறுவனமே ட்விட்டரில் அடித்துச் சொன்னது. அதை நம்பித்தான் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், காய்கறியை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தோம். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று எங்கள் தெருவுக்கு வந்து சொன்னவர் யாருமில்லை. அந்த அலையில்தான் எங்கள் பெரியம்மா போனார். வேண்டுமென்றே பொய் சொன்னார்களா, தெரியாமல் சொன்னார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், மதுரை

அம்மா, முதலில் உங்கள் அண்ணன் சொல்வதைப் பார்ப்போம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2020 ஜனவரி 14 அன்று, மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுவதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்ற சீன அதிகாரிகளின் முடிவை அந்த நிறுவனம் அப்படியே பகிர்ந்தது. அதே நாள் அந்த நிறுவனத்தின் மரியா வான் கெர்கோவ், குறைந்த அளவில் அப்படிப் பரவியிருக்கலாம் என்று நிருபர்களிடம் சொன்னார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு குரல். மாத இறுதியில் நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் பெய்ஜிங் போய் வந்து சீனாவைப் புகழ்ந்ததும் பலருக்குக் கசந்தது.

ஆனால் ஜனவரி 30 அன்று உச்சபட்ச எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். சர்வதேச அக்கறைக்குரிய பொது சுகாதார அவசரநிலை என்பதற்கு மேலே அப்போது இருந்த விதிகளில் வேறு படியே கிடையாது. அன்றைக்குச் சீனாவுக்கு வெளியே இருந்தது 98 நோயாளிகள், ஒரு சாவுகூட இல்லை. நம் நாட்டின் முதல் நோயாளி திருச்சூரில் உறுதியானதும் அதே நாள்தான். மார்ச் 11 அன்று 'பெருந்தொற்று' என்று சொன்னதற்குச் சட்டப்படி தனி எடை எதுவும் இல்லை. ஆனால் பல அரசுகள் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் அசைந்தன. நியூசிலாந்தின் முன்னாள் பிரதமர் ஹெலன் கிளார்க்கும் லைபீரியாவின் முன்னாள் அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃபும் தலைமை வகித்த சுயேச்சைக் குழு, அந்தப் பிப்ரவரியைத் தொலைந்துபோன மாதம் என்றே 2021இல் எழுதியது.

இன்னொன்று. ஒரு நாட்டுக்குள் கேட்காமல் போய்ச் சோதனை செய்யும் அதிகாரம் அந்த நிறுவனத்துக்குக் கிடையாது. உறுப்பு நாடுகள் கதவைத் திறந்தால்தான் உண்டு. காற்று விஷயத்தை என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் இங்கே இருப்பார்கள்.

பதில்: காற்றோட்ட வேலைக்காரன், கோவை

செல்வி அம்மா, பெரியம்மாவுக்கு என் அஞ்சலி.

நான் மருத்துவன் இல்லை. மருத்துவமனை, நூல் மில், கல்யாண மண்டபம் இவற்றுக்கெல்லாம் ஏசியும் காற்றோட்டமும் அமைத்துக் கொடுப்பது என் வேலை. உங்கள் கேள்வி என் தொழிலுக்குள் வந்துவிட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் 5 மைக்ரான் என்ற ஒரு எண். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய எச்சில் துளி கனமானது, ஒன்றிரண்டு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும், அதைவிடச் சிறியதுதான் காற்றில் மிதக்கும் என்று மருத்துவப் பாடங்களில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். நூல் மில்லில் ஒரு ஷிப்ட் நின்றவர்கூட இதை ஒத்துக்கொள்ள மாட்டார். 5 மைக்ரானைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிய தூசி, ஃபேன் ஓடும் கூடத்தில் நிமிடக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். 1930களில் வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர் கணக்குப் போட்டபோது, விழுவதற்கும் மிதப்பதற்கும் இடையிலான எல்லை 100 மைக்ரானை ஒட்டி வந்தது. 5 என்பது வேறு கேள்விக்கான விடை. காசநோய்க் கிருமி நுரையீரலின் அடிவரை போக வேண்டுமானால் துகள் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வி. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. லின்சி மார், கேட்டி ராண்டல் போன்ற ஆய்வாளர்கள் பெருந்தொற்றுக் காலத்திலேயே பழைய நூல்களைத் தேடிப் படித்து, இந்தக் கலப்பு எங்கே நடந்தது என்று காட்டினார்கள்.

ஆதாரம் இல்லாமலும் இல்லை. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். 53 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். அதற்கு முன் ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஒரு உணவகத்தில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்த மூன்று குடும்பங்களில் 10 பேருக்கு வந்தது. அந்த மூலையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, வெளிக்காற்று உள்ளே வர வழியே இல்லை. அந்த இருக்கை வரைபடத்தைப் பார்த்ததும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே எடுத்துக் குளிராக்கி அதே அறையில் விடும். புதுக் காற்று ஒரு துளியும் அதில் வராது. நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இன்னும் இது தெரியாது.

2020 ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதிய திறந்த மடலை 239 விஞ்ஞானிகள் ஆதரித்தார்கள். அதன் பிறகு, நெரிசலான மூடிய இடங்களில் காற்றுவழிப் பரவலை மறுக்க முடியாது என்ற அளவுக்கு நிறுவனம் இறங்கி வந்தது. 2021 ஏப்ரல் கடைசியில் இணையதளத்தின் கேள்வி-பதில் பக்கம் ஒன்றில் வரியை மாற்றினார்கள். ஒளிவுமறைவில்லாமல் 'காற்றுவழி' என்ற சொல்லே வர அந்த வருஷ டிசம்பர் ஆகிவிட்டது.

அம்மா, என் கோபமெல்லாம் இங்கேதான். 'பரவாது' என்றதைக் கொட்டை எழுத்தில், உலகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்கள். திருத்தியபோது சத்தமே இல்லை. முதல் செய்தி போன வீடுகளில் எத்தனைக்கு இரண்டாவது செய்தி போயிருக்கும்? அப்போது ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேனும் வெளிக்காற்று வழியும் போட எஸ்டிமேட் கொடுத்தேன். நிர்வாகம் அந்த மார்ச் ட்வீட்டைப் பிரின்ட் எடுத்து என்னிடமே காட்டித் திருப்பி அனுப்பியது. அந்தப் பணம் கண்ணாடித் தடுப்புக்கும் தரை துடைக்கும் மருந்துக்கும் போனது. அந்த அறையில் தினமும் ஆட்கள் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள், ஜன்னல்கள் ஏசிக்காக மூடியே இருந்தன.

வேண்டுமென்றே பொய் சொன்னார்களா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். மருத்துவமனையில் 'காற்றுவழி நோய்' என்று சொன்ன உடனே தனி அறை, என்95 மாஸ்க், ஒரு நோயாளிக்கு நொடிக்கு 160 லிட்டர் காற்று என்று அவர்களுடைய 2009 வழிகாட்டியே கேட்கும். ஏழை நாடுகளில் மாஸ்க்கே இல்லாத நேரம் அது. ஆலோசனை சொன்ன குழுவிலும் கைகழுவுதல், மருத்துவமனைத் தொற்று இவற்றில் ஊறியவர்கள் அதிகம். காற்றை அளப்பவர்கள் போதிய அளவு இல்லை. இதில் சீனாவுக்குப் பங்கே இல்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள். நம் ஊர்க்காரரான சௌம்யா சுவாமிநாதன் அங்கே தலைமை விஞ்ஞானியாக இருந்தவர். 2022இல் பதவியை விட்டுப் போகும்போது, காற்றில் பரவும் என்பதை இன்னும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு அவருக்கு என் வணக்கம்.

பதில்: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், மதுரை

தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் மார்ச் மாதத்தில் யாருக்கு என்ன உறுதியாகத் தெரியும்? பாடகர் குழு பற்றிய அறிக்கையே மே மாதம்தான் வந்தது. கையில் இருந்ததை வைத்துச் சொன்னார்கள். பின்னால் நின்று குற்றம் சொல்வது எளிது.

நம் அரசுகளையும் விடாதீர்கள். திருப்பூரில் ஏப்ரல் தொடக்கத்தில் ஆட்கள் மேலேயே கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதை போட்டார்கள். அதைப் பார்த்து ஊருக்கு ஊர் கிளம்பியது. அது வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையே அந்த மாதம் அறிவுரை வெளியிட்டது, மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. ஆனாலும் பல இடங்களில் தெருவுக்குப் பிளீச்சிங் தெளிப்பது நிற்கவில்லை. தெளிப்பது கண்ணுக்குத் தெரியும், ஜன்னலைத் திறந்தால் அரசு வேலை செய்ததாக யாரும் படம் எடுக்க முடியாது. என் அனுபவத்தில் பாதி முடிவுகள் அப்படித்தான் எடுக்கப்பட்டன.

பதில்: காற்றோட்ட வேலைக்காரன், கோவை

ஐயா, உறுதியாகத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லியிருக்கலாமே. 'காற்றில் பரவலாம், முடிவு வரும்வரை மூடிய அறையைத் தவிருங்கள்' என்பதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஜப்பான் அதைத்தான் செய்தது. ஹிதோஷி ஓஷிதானி போன்ற தொற்றுநோய் நிபுணர்கள் நோயாளிக் கூட்டங்கள் எங்கே உருவாகின்றன என்று பார்த்து, மூடிய இடம், கூட்டமான இடம், நெருங்கிப் பேசும் இடம் மூன்றையும் தவிருங்கள் என்று 2020 மார்ச்சிலேயே மக்களிடம் சொல்லிவிட்டார்கள். அவர்களிடமும் அதே ஆதாரம்தான் இருந்தது. எச்சரிக்கையாக இருப்பதற்கு முழு நிரூபணம் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திருப்பூர் சுரங்கம் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. துகள்கள் 10 மீட்டர்வரை போகலாம், ஜன்னலையும் எக்ஸாஸ்ட்டையும் கவனியுங்கள் என்று விஜயராகவன் தலைமையிலான, மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் படம் போட்டு விளக்கியது 2021 மே மாதத்தில். அப்போது இரண்டாவது அலையில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஜனங்கள் அலைந்துகொண்டிருந்தார்கள்.

பதில்: மட்டக்களப்பு வாசகர்

இரண்டு பேரும் கதைப்பதை வாசித்தேன். எங்கட நாட்டில் நடந்தது நேர் எதிர். உலக சுகாதார நிறுவனம் சரியாகச் சொன்னது, அரசாங்கம் கேட்கவில்லை.

கொரோனாவால் இறந்தவரை அடக்கம் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று 2020 மார்ச்சிலேயே அவர்களின் வழிகாட்டல் வந்தது. இலங்கை அரசு தகனம் மட்டும்தான் என்று ஏப்ரலில் வர்த்தமானி (அரசிதழ்) வெளியிட்டது. நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்பதுதான் சொன்ன காரணம். முஸ்லிம் சனங்களின் ஜனாஸாக்கள் (இறந்தோர் உடல்கள்) அவர்கள் கதறக் கதற எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாளான குழந்தை ஒன்றையும் எரித்தார்கள். கொழும்பில் பொரளை மயானத்தின் வேலியில் சனங்கள் கபன் துணியை (இறந்தவரைப் போர்த்தும் வெள்ளைத் துணி) கட்டிவைத்துத் துக்கத்தைக் காட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் ஆணையை மாற்றினார்கள். பிறகும் சொந்த ஊரில் அடக்க விடாமல், நாடு முழுக்க இருந்து எங்கட மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுவரச் செய்தார்கள். மூவாயிரத்துக்கும் மேல் அங்கே இருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

ஆகவே சகோதரி, ஜெனீவாவில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தார் தவறியதையும் எழுதுங்கள். அவர்கள் சரியாகச் சொன்னபோது கேட்காத அரசுகளையும் சேர்த்து எழுதுங்கள். அவர்களுக்குக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. அதைப் பயன்படுத்தி அரசுகள் விருப்பமானதை மட்டும் எடுத்துக்கொண்டன.

கேள்வி கேட்டவர்: செல்வி, ஈரோடு

எல்லோருக்கும் நன்றி. மட்டக்களப்பு அண்ணா, இது இங்கே பலருக்குத் தெரியவே தெரியாது. படித்துவிட்டு வெகுநேரம் மனசே சரியில்லை. அண்ணனுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டேன்.

கோவை அண்ணா, ஒரு உதவி. என் மகள் போகும் டியூஷன் அறையில் முப்பது பிள்ளைகள், ஒரு ஸ்பிளிட் ஏசி, எல்லா ஜன்னலும் மூடியிருக்கும். யாருக்காவது காய்ச்சல் என்றால் வாரத்துக்குள் பாதிப் பேருக்கு வருகிறது. என்ன செய்யச் சொல்லலாம்?

பதில்: காற்றோட்ட வேலைக்காரன், கோவை

ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்று 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே காற்றோட்டத்துக்கு ஒரு கணக்குக் கொடுத்தது. முப்பது பேருக்கு 300 லிட்டர். ஒரு சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ச் சுவரில் ஜன்னல் ஒரு ஜாண் திறந்து இருக்கட்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் வந்த காற்று அப்படியே வெளியே போய்விடும், பின் பெஞ்சுக்கு எட்டாது. ஏசியை நிறுத்த வேண்டியதில்லை. கரன்ட் பில் கொஞ்சம் கூடும், அதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி வகுப்பு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். வெளியில் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) பக்கம் காட்டும். வகுப்பில் 1000க்குள் இருந்தால் பரவாயில்லை, 2000 போனால் பிள்ளைகள் ஒருவர் விட்ட மூச்சையே ஒருவர் இழுக்கிறார்கள். வாங்கும்போது என்டிஐஆர் (NDIR, அகச்சிவப்பு ஒளியால் அளப்பது) சென்சார் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது இல்லாத மலிவு மீட்டர் பக்கத்தில் யாராவது சானிடைசர் தடவினாலே எகிறும்.