கேமரா மெயில் அலர்ட்: பாஸ்வேர்டில் 15 எழுத்துக்கு மேல் ஏறவில்லை, வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. வீட்டு வாசல் கேமராவில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் மெயில் வர வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஜிமெயிலில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆப் பாஸ்வேர்டு (இந்த மாதிரி கருவிகளுக்கென்று ஜிமெயிலே உருவாக்கித் தரும் தனி பாஸ்வேர்டு) எடுத்தேன். அது 16 எழுத்து. கேமராவில் மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி செட்டிங் பக்கமோ 15-க்கு மேல் வாங்குவதில்லை, அதையும் வாய்விட்டுச் சொல்லாமல் கடைசி எழுத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது! டெஸ்ட் மெயில் அனுப்பினால் 535 எரர், அதாவது லாகின் ஏற்கப்படவில்லை. ஜிமெயில் பாஸ்வேர்டை நாலு நாலாகப் பிரித்துக் காட்டும் இடைவெளிகளையும் எடுத்துப் பார்த்தேன், போர்ட் 587, 465 இரண்டையும் மாற்றிப் பார்த்தேன், பாஸ்வேர்டே அரைகுறையாகப் போகும்போது போர்ட் என்ன செய்யும்?

கேமராவின் ஃபர்ம்வேருக்கு (உள்ளே இருக்கும் மென்பொருள்) அப்டேட் எதுவும் இல்லை. ஆப் பாஸ்வேர்டை நம் இஷ்டத்துக்குச் சுருக்கவும் முடியாது.

இப்போது யோசிப்பது: சும்மா கிடக்கும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளைப் போட்டு, கேமரா வீட்டு நெட்வொர்க்குக்குள் அதற்கு அனுப்ப, முழு பாஸ்வேர்டோடு அது ஜிமெயிலுக்குத் தள்ளிவிடட்டும் என்று. யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? வெளியாட்கள் அதை ஸ்பேம் அனுப்பப் பயன்படுத்தாமல் பூட்ட, யார் அதன் வழியே மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் மைநெட்வொர்க்ஸ் செட்டிங்கில் கேமராவின் ஐபியை மட்டும் கொடுத்தால் போதுமா? அல்லது சின்ன பாஸ்வேர்டை ஏற்கும் வேறு மெயில் சேவையில் இதற்கென்றே ஒரு கணக்கு தொடங்குவது மேலா? பாஸ்வேர்டு சின்னதாக இருப்பதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.