கண்டி – நுவரெலியா சைக்கிள் பயணம்: ஓகஸ்டில் போகலாமா?

பாலையூற்றுப் பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நானும் கூட்டாளி ஒருவனும் ஓகஸ்ட் விடுமுறைக்கு சைக்கிளில் மலைநாட்டுக்குப் போக யோசித்திருக்கிறோம். திருகோணமலையில் இருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, பிறகு இறம்பொடை வழியாக நுவரெலியா. திரும்பி வருவதும் அதே வழிதான். இரண்டு பேரிடமும் இருப்பது பழைய 21 கியர் மவுண்டன் சைக்கிள். இதுவரை ஓடியது நிலாவெளி, புல்மோட்டைப் பக்கம்தான், எல்லாம் சமதரை. வீட்டில் யானையைச் சொல்லி மறிக்கிறார்கள். எனக்கு யானையைவிட ஏற்றம்தான் பயம். நுவரெலியா ஏற்றத்தை எங்களால் முடிக்க ஏலுமா? மகியங்கனைப் பக்கமாகப் போய் பதினெட்டு வளைவால் ஏறினால் நல்லது என்று ஒருவர் சொன்னார். அது எப்படி?

பழைய றலி:

தம்பி, ஏற்றத்தைப் பற்றிக் கேட்டீர்கள், காற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே!

கச்சான் காற்று என்றால் என்ன என்று திருகோணமலைப் பிள்ளைக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது வருகிற வழியைக் கொஞ்சம் பாருங்கள். தென்மேல் பருவக்காற்று வட்டவளை, ஹட்டன் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, காய்ந்து சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிறது. ஓகஸ்டில் நீங்கள் கந்தளாயில் இருந்து ஹபரணைக்கு மிதித்தால் அது நேராக முகத்தில் அடிக்கும். ஏற்றத்தில் சின்னக் கியரைப் போட்டு மெல்ல மெல்ல ஏறிவிடலாம். அந்த நேர் ரோட்டில் மத்தியான வெயிலோடு எதிர்காற்றில் உழக்கினால், மலை கண்ணில் படும் முன்னமே கால் செத்துவிடும். மலையேற வேண்டிய கால் பலத்தைத் தம்புள்ளைக்கு முன்னமே தீர்த்துவிட்டுப் போவதில் என்ன பிரயோசனம்?

என்னைக் கேட்டால் பெப்ரவரி கடைசி அல்லது மார்ச். வடகிழக்கில் இருந்து வருகிற வாடையின் வேகம் தணிந்திருக்கும், மிச்சம் இருப்பதும் முதுகுப் பக்கமாகத்தான் தள்ளும். மலையிலும் மழை குறைவு. ஏப்ரல் வேண்டாம். பின்னேரங்களில் இடியும் மழையும், போதாததற்கு புத்தாண்டோடு நுவரெலியாவில் சீசன் தொடங்கினால் ரோடு முழுக்கக் கார்.

யானை விஷயத்தில் வீட்டார் சொல்வது சரி. விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் வெளிச்சம் வருகிற நேரம் கந்தளாய். சுமார் 40 கிலோமீற்றர்தான். அங்கே ஆறுதலாகச் சாப்பிட்டு, நன்றாக வெயில் ஏறிய பிறகு காட்டுப் பகுதியைக் கடந்துவிடுங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அந்த ரோட்டில் சைக்கிளோடு நிற்கக்கூடாது.

இப்போது உங்கள் ஏற்றம். கண்டிக்கு அடுத்து வருகிற கம்பளை கடல் மட்டத்தில் இருந்து 500 மீற்றர் கூட இல்லை, நுவரெலியா 1868 மீற்றர். ஏறத்தாழ 1400 மீற்றரை 55 கிலோமீற்றரில் ஏறுகிறீர்கள். கணக்குப் பார்த்தால் மோசமான சரிவு இல்லை. புசல்லாவை வரை ஏறியும் இறங்கியும் போகும். உண்மையான வேலை இறம்பொடையில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் வருகிற சுரங்கப்பாதை 200 மீற்றருக்குக் கொஞ்சம் மேல்தான், ஆனாலும் பின் லைற் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். அருவியும் ஹனுமான் கோயிலும் அந்தப் பக்கத்தில்தான், அதற்கு மேல் வளைவுக்கு மேல் வளைவு. அங்கே பூ விற்கிற பெடியங்கள் காரில் போகிறவர்களைப் பிடிக்கக் குறுக்குப் பாதையால் ஓடி அடுத்த வளைவில் போய் நிற்பார்கள். சைக்கிள்காரனுக்கு ஓடத் தேவையில்லை! என்னோடு ஒருவன் பூங்கொத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு கதைத்தபடியே நடந்து வந்தான். "அண்ணே, இறங்கித் தள்ளினா சீக்கிரம் போயிறலாம்" என்றான். பூ வாங்கவில்லை. புத்திமதியை ஏற்றுக்கொண்டேன். தள்ளுவதில் ஒரு வெட்கமும் இல்லை.

லபுக்கலையில் தேத்தண்ணி குடித்து, வேர்த்த சேட்டை மாற்றிப்போட்டுவிட்டு ஏறுங்கள். மேலே பனிப்புகாருக்குள் ஈரச் சேட்டோடு போனால் பல்லுக் கிட்டும்.

பதினெட்டு வளைவு முதல் பயணத்துக்கு வேண்டாம். கீழே மகியங்கனைப் பக்கத்து வெக்கையில் வெந்துவிட்டு, உடனே செங்குத்தாக ஏறத் தொடங்கவேண்டும்.

இன்னொன்று, போன வழியால் திரும்பாதீர்கள். நுவரெலியாவில் இருந்து ஹக்கலை, வெலிமடை, பதுளை, பசறை, பிபிலை, மகாஓயா, செங்கலடி. இதுவும் நீங்கள் பேராதனையில் பிடித்த அதே ஏ5 ரோடுதான். செங்கலடியில் வடக்கே திரும்பினால் வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா, வீடு. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முதல் இந்தச் சுற்றுக்குப் படகுப் பாதையில் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. கம்பளையில் நீங்கள் பார்க்கிற மகாவலிதான் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஆற்றின் மேல் பக்கத்தைப் பார்த்துவிட்டு அதன் வாயைக் கடந்து வீட்டுக்கு வருவீர்கள்.

ஊவாக்காரி:

நான் பதுளையில் பிறந்து உப்புவெளியில் வாழ்க்கைப்பட்டவள். றலி ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நுவரெலியாவோடு ஏற்றம் முடிந்தது என்று நினைக்காதீர்கள் தம்பி. பதுளையை விட்டு வெளிக்கிட்டால் பசறைக்கு முதல் திரும்பவும் ஏறவேண்டும். களைத்த காலுக்கு அதுதான் கடுப்பு. பசறை – லுணுகலை ரோடு ஒடுக்கம், ஒரு பக்கம் பள்ளம். 2021 மார்ச்சில் பஸ் கவிழ்ந்தது பசறை 13ஆம் கட்டையில். கல் சரிந்து ரோட்டில் கிடந்த இடத்தில் ஒதுங்கப் போய் விழுந்தது. அங்கே பஸ் பின்னால் ஹோர்ன் அடித்தால் வீரம் காட்டாமல் நின்று வழி விடுங்கள். மலையில் கனமழை பெய்த கையோடு போகவும் வேண்டாம், மண்சரிவு எங்கே எப்போது என்று சொல்ல ஏலாது.

பயப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். புசல்லாவையில் இருந்து லுணுகலை வரை தோட்டத்துச் சனம் தமிழ்தான். தண்ணீர் கேட்டால் தேத்தண்ணி தருவார்கள். சைக்கிளில் திருகோணமலையில் இருந்து வந்தோம் என்றால் பக்கத்து லயத்துக்கும் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

ஓகஸ்டில்தான் லீவு என்றால் ஒரு வழி இருக்கிறது. கண்டிக்குப் போகிற மீன் லொறியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து ஓடுங்கள். நுவரெலியா வரைக்கும் மழை நனைக்கும். ஹக்கலை தாண்டி எங்கள் ஊவாப் பக்கம் இறங்கினால் ஓகஸ்டில் காய்ந்து கிடக்கும். மகாஓயாவில் இருந்து செங்கலடிக்கு கச்சானே தள்ளிக்கொண்டு வரும். மகாஓயாவிலும் கன்னியா மாதிரி வெந்நீர் ஊற்று இருக்கிறது, கால் உளைவுக்கு நல்லது.

செயின்:

சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். எல்லாரும் ஏறுவதைப் பற்றிக் கதைக்கிறீர்கள், இறங்குவதை யார் பார்ப்பது? ஹக்கலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் ரிம் கொதிக்கும், அந்தச் சூட்டில் டியூப் வெடிக்கும். வளைவுக்கு முதல் இறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுதாக விடவேண்டும். இடைக்கிடை நின்று ரிம் ஆறட்டும். போக முதல் பிரேக் கட்டையைக் கழற்றி நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாமல் கல்லுப் போல இருந்தால் மாற்றுங்கள், மழையில் அது பிடிக்கவே பிடிக்காது. பின் சில்லில் பெரிய பல்லு 28 என்றால் 34 போடலாம், இறம்பொடையில் வித்தியாசம் தெரியும். பழைய கியர் மாற்றி அதற்கு ஈடுகொடுக்குமா என்று கடையில் காட்டிப் பார்த்துப் போடுங்கள். சில்லுக் கம்பி இரண்டு மூன்று மேலதிகமாகக் கொண்டுபோங்கள். பாரம் பின் சில்லில்தான் இருக்கும், உடைவதும் அங்கேதான்.

பாலையூற்றுப் பெடியன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. மார்ச்சில் லீவு எடுக்க ஏலாது, அதனால் அக்கா சொன்ன வழிதான். கூட்டாளியின் மாமா மீன் லொறி ஓடுகிறார், கேட்டாயிற்று. பிரேக் கட்டை இரண்டு சைக்கிளிலும் கல்லுத்தான் செயின் அண்ணா, நாளைக்கே மாற்றுகிறோம்.

பழைய றலி:

லொறியில் ஏறிப் போவதெல்லாம் ஒரு சைக்கிள் பயணமா! சரி, போய் வாருங்கள். சைக்கிளை மீன் பெட்டிக்கு மேலே போடாதீர்கள். உப்புத் தண்ணி வடிந்தால் செயின் கண்டிக்குப் போக முதலே கறள் பிடித்துவிடும். சாக்கால் சுற்றிக் கட்டுங்கள், கண்டியில் இறக்கியதும் எண்ணெய் போடுங்கள்.