தரம் 10 கணிதம் சொல்லிக் கொடுக்க ஆள் தேவை – மூதூர், கிண்ணியா பக்கம்

அக்காவின் மகனுக்கு 15 வயது, தரம் 10, திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளிக்கூடம். கணித ஆசிரியர் போன வருடம் இடமாற்றலாகிப் போனவர், பதிலுக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. அவனுடைய கணிதக் கொப்பியைத் திறந்தால் ஒரு முக்கோணம் பாதியில் நிற்கிறது, அதற்குப் பிறகு எல்லாம் வெறும் தாள். இப்போது விடியப்புறம் கரைவலை இழுக்கப் போகிறான், கையில் காசு வருகிறது, பள்ளிக்கூடம் போவது குறைந்துவிட்டது. அதைவிட, பின்னேரம் அவன் நிற்கும் சந்தியில் ஐஸ் போதைப்பொருள் விற்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். எனக்குப் பயம் அதுதான்.

அதிபரிடம் பேசினோம், வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் கொடுத்தோம், "வெற்றிடம் இருக்கு, ஆள் இல்லை" என்றார்கள். டவுனில் டியூசன் பார்த்தோம், முடிந்து திரும்பி வர பஸ் இல்லை. 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று சொன்னால், "அங்க போய் சும்மா இருக்கிறதுக்கு வலை இழுக்கலாம் மாமா" என்கிறான், அதைப் பிழையென்று சொல்லவும் முடியவில்லை. வள்ள எஞ்சினைத் தனியாகவே கழற்றிப் பூட்டுவான், நல்ல கை. தரம் 13 வரை எல்லாரையும் படிக்க வைக்கும் அரசாங்கத்தின் 13 வருட உத்தரவாதக் கல்வியில் தொழிற்பாடம் எடுக்கலாம்தான், ஆனால் அதற்கும் முதலில் தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டுமே.

மூதூர், கிண்ணியா பக்கம் சனி, ஞாயிறு பகலில் தரம் 10 கணிதம் குறைந்த காசுக்குச் சொல்லிக் கொடுப்பவர் யாரையாவது தெரியுமா?