பழைய வட்டத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

வடலி:
கனடாவில், ஸ்கார்பரோவில் பழைய வீடு. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னேஸ் மட்டும்தான், ஏசி இல்லை. சுவரில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அந்த வட்டமான ஹனிவெல் தெர்மோஸ்டாட், பின்னால் இரண்டே வயர். போனிலிருந்து இயக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் பூட்டுவோம் என்று மகள் நிற்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன சொல்கிறீர்கள்?

கீழ்மாடி:
கழற்றாதீர்கள் அண்ணை. அந்த வட்ட மாதிரி 1953இல் வந்தது. குளிர்ந்தால் உள்ளேயிருக்கும் உலோகச் சுருள் அசைந்து ஒரு கண்ணாடிக் குப்பியைச் சாய்க்கும். அதிலுள்ள பாதரசம் ஓடி இரண்டு முனையையும் தொட்டதும் ஃபர்னேஸ் எரியும். பற்றரி வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். 2011, 2012இல் வந்த நெஸ்ட் என்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்கு 2025 அக்டோபரில் கூகுள் ஆதரவை நிறுத்திவிட்டது. இனி அவற்றைப் போனிலிருந்து இயக்க முடியாது. வாங்கியதே அதற்காகத்தானே?

மின்னல்:
சுவரில் வைத்து இயக்கினால் அவை இன்றும் வேலை செய்கின்றன. அதையும் சொல்ல வேண்டும். நான் ஹீட்டிங் வேலை செய்கிறவன். ஜனவரியில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறோம், இங்கே ஃபர்னேஸ் நின்றுவிட்டால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். திரும்பி வரும்போது பேஸ்மென்ட் குளமாக இருக்கும். வெப்பம் இறங்குகிறது என்று போனுக்கு ஒரு செய்தி வந்தால் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பலாம். வட்டப்பெட்டி அதைச் செய்யாது.

கீழ்மாடி:
அந்த ஒன்றுக்குத் தனியாக ஒரு வெப்பநிலை சென்சர் வாங்கி வைத்தால் போதும். பணம் மிச்சமாகும் என்கிற பேச்சுத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்வது: தினமும் 8 மணி நேரம் வெப்பநிலையை 4 முதல் 6 செல்சியஸ் அளவு குறைத்து வைத்தால் சூடாக்க, குளிரூட்ட ஆகும் ஆண்டுச் செலவில் 10% வரை மிச்சம். குறைப்பதால் வரும் மிச்சம் அது. பற்றரியில் ஓடும் சாதாரண புரோகிராம் தெர்மோஸ்டாட்டே அதைச் செய்யும்.

பனிமலர்:
செய்யும் தம்பி, நேரத்தைப் பதிந்து வைத்தால்! எனக்கு ஒரு கிழமை பகல் வேலை, மறு கிழமை இரவு வேலை. அந்தச் சின்னப் பொத்தான்களை யார் ஒவ்வொரு முறையும் அமுக்குவது? கடைசியில் எப்போதும் 22இல்தான் கிடந்தது. இப்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் தானாகவே இறங்குகிறது.

மின்னல்:
அக்கா சொல்வதுதான் நடைமுறை. எனர்ஜி ஸ்டார் என்ற அமெரிக்க அரசுத் திட்டத்தின் கணக்கில் ஸ்மார்ட் வகைக்குச் சராசரி மிச்சம் சூடாக்க, குளிரூட்ட ஆகும் செலவில் 8% அளவில்.

ஆனால் வடலி அண்ணை, உங்கள் சிக்கல் அந்த இரண்டு வயர். மின்சாரம் வரும் ஆர், ஃபர்னேஸை எரியச் சொல்லும் டபிள்யூ மட்டும் இருக்கும், ஸ்மார்ட் வகைக்குத் தொடர்ந்து மின்சாரம் கிடைக்கச் செய்யும் சி வயர் இல்லை. சி இல்லாமல் ஓடும் என்று விற்கிற சில மாதிரிகள் ஃபர்னேஸ் அணைந்திருக்கும்போது அதே வயர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் இழுத்துத் தம் பற்றரியை ஏற்றும். சில ஃபர்னேஸ்களுக்கு அது ஒத்துவராது, உள்ளேயிருக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச் படபடவென்று அடிக்கும். எக்கோபீ என்ற ஸ்மார்ட் வகையில், சி இல்லாத வீடுகளுக்காகப் பெட்டியோடு வரும் துணைக்கருவிக்கு நான்கு வயர் வேண்டும், அதுவும் உங்களுக்கு ஆகாது. 18 கேஜ் தடிப்பில் ஐந்து வயர் உள்ள புதுக் கேபிளை ஃபர்னேஸிலிருந்து இழுப்பதுதான் ஒழுங்கான வேலை. முதலில் ஃபர்னேஸ் சுவிட்சை அணையுங்கள். ஆரும் சியும் உரசினால் புது ஃபர்னேஸில் பியூஸ் போகும். பியூஸ் இல்லாத பழையதில் டிரான்ஸ்ஃபார்மரே கருகும்.

கீழ்மாடி:
பார்த்தீர்களா, ஒழுங்காக ஓடுகிற ஒன்றை மாற்றச் சுவருக்குள் கேபிள் இழுக்க வேண்டும்.

மின்னல்:
ஒருமுறை இழுத்தால் போதும். பிறகு ஏசி போட்டாலும் அதே கேபிள்தான். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், எந்த வயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வடலி:
சரி தம்பி. பேஸ்மென்ட் கூரை திறந்துதான் கிடக்கிறது, கேபிள் இழுக்கலாம். அப்புறம் மகள் விருப்பப்படி வாங்கட்டும்.

கீழ்மாடி:
எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கழற்றுவதாக இருந்தால் பழையதைக் குப்பையில் போடாதீர்கள் அண்ணை, உள்ளே பாதரசம். குப்பி உடையாமல் நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுங்கள்.