மறு: டான்ஸ் பேட், லேக், ஆஃப்செட்: தாள ஆட்டக் கருவிகளுக்குச் சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம். பாட்டின் தாளத்துக்கேற்பத் திரையில் வரும் அம்புக்குறிகளைப் பார்த்து, அதே அம்புகளைக் காலால் மிதித்து ஆடும் விளையாட்டுகளுக்கான தமிழ்ச்சொற்களைப் பற்றிய இழை இது. அப்படி மிதிக்கும் கருவிதான் டான்ஸ் பேட். இழையில் வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக என் பதில்.

> டான்ஸ் பேட் = நடனத் திண்டு. இதோடு இழையை முடித்துக்கொள்ளலாமே?

முடிக்க முடியாது. திண்டு சாய்ந்து உட்காருவதற்கு. இது ஏறி மிதிப்பதற்கு. அதோடு, வீட்டுக்கு ஒன்று வாங்க நினைப்பவர் முதலில் முடிவு செய்யவேண்டியதே எந்த வகை என்பதுதான். சுருட்டி அலமாரியில் செருகிவிடும் மெல்லிய விரிப்பும் உண்டு. நகர்த்துவதற்கே துணைக்கு ஆள் கூப்பிட வேண்டிய உலோக மேடையும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் நாம் எழுதும் வழிகாட்டி யாருக்கும் பயன்படாது.

'மிதி'யை வேராக வைத்துக்கொள்வோம். விரிப்புக்கு மிதிபாய், உலோகத்தில் செய்ததற்கு மிதிமேடை, அம்புக்குறி உள்ள ஒவ்வொரு சதுரத்துக்கும் மிதிகட்டம்.

> மிதிபாய் என்றால் வாசலில் கிடக்கும் கால்மிதிதான் நினைவுக்கு வருகிறது.

வரட்டும், தப்பில்லை. மலிவான பாய்கள் நடந்துகொள்வதும் அப்படித்தான். வேகமான பாட்டு வந்தால் காலோடு சேர்ந்து நகரும், ஓரம் மடங்கும், நடுவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு கட்டத்துக்கு நடுவே மிதித்துக்கொண்டிருப்போம். கனமான பலகையில் இழுத்து ஒட்டிவிட்டால் ஓரளவு அடங்கும். உள்ளே நுரைப்பஞ்சு வைத்த பாய் காலுக்கு இன்னும் இதம். பழகிப் பார்க்க, கீழ்வீட்டுக்காரர் காதைக் காப்பாற்ற, பாய் போதும். நாளும் ஆடப்போகிறவர் மேடைக்கே போகலாம் என்பது என் கட்சி.

கட்டங்களின் எண்ணிக்கை பற்றி யாரும் எழுதவில்லை. 1998-இல் கொனாமி வெளியிட்ட டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்ற ஆட்டத்தில் நான்கு: இடம், வலம், முன், பின். அடுத்த ஆண்டு கொரியாவிலிருந்து வந்த பம்ப் இட் அப்பில் ஐந்து: நான்கு மூலைகளும் நடுவும். ஒன்றுக்கு வாங்கிய மேடை மற்றதற்கு நேரே பொருந்தாது. ஆகவே 'நாற்கட்ட மேடை', 'ஐங்கட்ட மேடை' என்று எழுதினால் படிப்பவருக்குச் சட்டென்று புரியும்.

சென்சாருக்கு 'உணரி' வழக்கில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மிதித்தால் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொள்ளும் வகையைத் 'தொடு உணரி' என்றும், அழுத்தத்தை அளக்கும் வகையை 'அழுத்த உணரி' என்றும் பிரிக்க வேண்டும். முதல் வகையில் ஒரு கட்டம் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் மூடியைக் கழற்றி, அட்டைத் துண்டையோ நாடாவையோ அடியில் வைத்து உயரத்தைச் சரிசெய்வார்கள். இரண்டாவதில் எவ்வளவு அழுத்தத்தை மிதி என்று கொள்வது என்பதைக் கணினியிலிருந்தே மாற்றலாம். அந்த எல்லை அளவுக்கு 'மிதிவரம்பு' என்பேன். வரம்பைக் கூட்டினால் மிதித்தும் பதியாது. குறைத்தால் கால் சும்மா நின்றாலே பதிந்துவிடும். பின்னதற்குப் 'பொய்மிதி' என்ற சொல்லை ஏற்கனவே ஒருவர் தந்திருந்தார். அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம்.

இன்னொன்று. இரண்டு கட்டங்களை ஒருசேர மிதிப்பதை 'இரட்டைமிதி' எனலாம். கருவியைக் கணினியோடு சேர்க்கும் யூஎஸ்பி இணைப்பி சிலவற்றில் இடமும் வலமும் ஒன்றாக மிதித்தால் இரண்டுமே காணாமல் போகும். அம்புகளை அது ஜாய்ஸ்டிக்கின் திசைகளாக எடுத்துக்கொள்வதால், எதிரெதிர்த் திசைகள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. நான்கும் தனித்தனிப் பொத்தான்களாகத் தெரியும் கருவியாகப் பார்த்து வாங்கவேண்டும்.

> லேக், லேட்டன்சி, ஆஃப்செட் எல்லாவற்றுக்கும் 'தாமதம்' போதாதா?

சண்டை பிடிக்க வேண்டிய இடம் இதுதான். தொலைக்காட்சி படத்தை மெருகேற்றிக் காட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்று. ஒலி வந்து சேர எடுக்கும் நேரம் இன்னொன்று. புளூடூத் ஒலிபெருக்கியாக இருந்தால் இது 100 மில்லிநொடியைத் தாண்டுவது சாதாரணம். மிதித்தது விளையாட்டுக்குப் போய்ச்சேரும் நேரம் மூன்றாவது. இவற்றுக்குப் படச் சுணக்கம், ஒலிச் சுணக்கம், மிதிச் சுணக்கம் என்று வைக்கலாம். 'தாமதம்' வேண்டாம், ஆடுபவர் பிந்தி மிதிப்பதையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆஃப்செட் இவற்றில் எதுவும் இல்லை. சுணக்கத்தைச் சரிக்கட்ட, கணினியில் இந்த ஆட்டத்தை ஆட உதவும் ஸ்டெப்மேனியா போன்ற நிரலில் நாம் கொடுக்கும் எண் அது. 'நேர ஈடு' என்று முன்மொழிகிறேன். எந்த அம்பு எப்போது வரும் என்பது நிரலுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் சுணக்கம் மாறாமல் இருக்கும்வரை, சற்றுப் பெரிதானாலும் ஈடுகட்டிவிடலாம். ஒரு முறை 60 மில்லிநொடி, அடுத்த முறை 95 என்று சுணக்கம் மாறிக்கொண்டே இருந்தால் எந்த எண்ணைக் கொடுத்தும் பயனில்லை. அதற்குத் தனிச்சொல் தேவை. 'சுணக்க அலைவு' சரியா? வாங்கும்போது தேடவேண்டியது குறைந்த சுணக்கத்தைவிட அலைவு இல்லாத சுணக்கம். கம்பிவழி ஒலி, தொலைக்காட்சியில் மெருகேற்றலைக் குறைத்துப் படத்தைச் சீக்கிரம் காட்டும் கேம் மோடு, இரண்டையும் செய்துவிட்டு அப்புறம் ஈட்டைத் தொடுங்கள்.

> டைமிங் விண்டோ = நேரச்சாளரம்?

சாளரம் வேண்டாமே. எவ்வளவு முந்தினாலும் பிந்தினாலும் பொறுத்துக்கொள்ளும் என்பதுதானே பொருள்? 'பொறுதி நேரம்' போதும். இந்த விளையாட்டுகளில் மிக உயர்ந்த மதிப்பீடு கிடைக்கும் பொறுதி நேரம் இருபுறமும் சுமார் 20 மில்லிநொடிதான். மேலே சொன்ன புளூடூத் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தி மிதிப்பதற்கு அதீதம், பிந்துவதற்கு அனாகதம் என்று கர்நாடக இசைச் சொற்களை எடுத்துக்கொள்ளும் யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவை பாட்டின் எடுப்பு தாளத்துக்கு முன்னோ பின்னோ அமைந்திருப்பதைச் சொல்பவை, வேண்டுமென்றே செய்வது. இங்கே நடப்பது பிழை. முந்தல், பிந்தல் என்றே இருக்கட்டும்.

ஒரு பாட்டுக்கு எந்த அம்பு எப்போது வரவேண்டும் என்று எழுதிவைக்கும் ஸ்டெப் சார்ட்டுக்கு மிதிக்குறிப்பு. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

மிதிக்கக் கூடாத 'மைன்' குறிக்கு மிதிவெடி என்ற நேர்ச்சொல் தயாராகவே இருக்கிறது, வேரும் பொருந்துகிறது. ஆனாலும் உண்மையான மிதிவெடிகளுக்கு நடுவே வாழ்ந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். விளையாட்டுக்கு அந்தச் சொல்லை எடுக்க எனக்கு மனமில்லை. 'நெருஞ்சி' என்று வைத்தால் என்ன? தரையோடு கிடக்கும், பார்த்துக் கால் வைக்கவேண்டும். அந்தக் குறி கடக்கும்போது கட்டத்தில் கால் ஊன்றியிருந்தால்தான் அடி விழும் என்பதற்கும் ஒத்துவருகிறது.

கால் எடுக்காமல் அழுத்திப் பிடிக்கும் நீள அம்புக்கு 'ஊன்றுமிதி' என்று குறித்து வைத்திருக்கிறேன். அதேபோல் நீண்டிருக்கும், ஆனால் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கவேண்டிய ரோலுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. 'தட்டுமிதி' என்று எழுதி அடித்துவிட்டேன். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். மற்ற சொற்களை வார இறுதியில் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.