லோன் பாக்கிக்கு 55 ஆயிரம் கட்டினா சிபில் (கடன் ஸ்கோர்) க்ளீன் ஆயிடும்னு சொல்றாங்க, நம்பி கட்டலாமா? தங்கச்சி வீட்டுக்கும் போன் பண்றாங்க

ரெயின்போநகர் ஜெராக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். பாண்டிச்சேரி ரெயின்போ நகர்ல நானும் வீட்டுக்காரரும் சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கோம். 2023 ஜூன்ல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில 1,80,000 பர்சனல் லோன் எடுத்தோம், 36 மாசம், மாசம் 6,500 கிட்ட இஎம்ஐ, ஒரு மாசம் கூட தவறாம கட்டிட்டு இருந்தோம். 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் வந்துச்சுல்ல, அன்னைக்கு நைட்டு கடைக்குள்ள முட்டிக்கு மேல தண்ணி, ரெண்டு மெஷினும் போச்சு, பேப்பர் ஸ்டாக் எல்லாம் கூழாயிடுச்சு. அதுக்கப்புறம் மூணு மாசம் என் வளையலை அடகு வச்சு கட்டினோம், அதுக்கு மேல முடியல. இப்ப நாலு டியூ நிக்குது.

போன் தொல்லை தாங்க முடியல. நைட்டு ஒன்பது மணிக்கு மேல கூட கூப்பிடுறாங்க, நாளைக்கு போலீஸோட வீட்டுக்கு வருவோம்னு ஒருத்தன் சொல்றான். என் தங்கச்சியை கடலூர் கூத்தப்பாக்கத்துல கட்டிக்குடுத்திருக்கு, அவ நம்பரை ரெஃபரென்ஸ்க்கு மட்டும்தான் குடுத்தேன், ஜாமீன் கையெழுத்து எல்லாம் போடல. அவளுக்கு போன் பண்ணி உங்க அக்கா ஏமாத்திட்டு ஓடிட்டாங்கன்னு சொல்லியிருக்காங்க, மாமியார் பக்கத்துலயே இருந்திருக்காங்க. அவ அழுதது இன்னும் காதுலயே நிக்குது.

நேத்து வேற ஒருத்தர் நல்லா பேசினார். மீதி 90 ஆயிரத்துக்கு மேல இருக்கு, ஒரே தடவைல 55 ஆயிரம் குடுங்க, முடிச்சிடலாம், சிபிலும் க்ளீன் ஆயிடும், இன்னைக்கே இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்கன்னார். அண்ணன்கிட்ட கேட்டா பணம் கிடைக்கும். கட்டிடலாமா? ரெண்டு வருஷத்துல வீட்டு லோன் போடணும்னு ஆசை, அதனால சிபில் கெட்டுடக்கூடாது.

பண்ருட்டி ரூட்:

முதல்ல அந்த ஜிபே நம்பருக்கு ஒரு ரூபா அனுப்பாதீங்க சகோதரி. நான் கடலூர், பண்ருட்டி, நெய்வேலி லைன்ல ஆறு வருஷம் கலெக்ஷன் வேலை பார்த்தவன், இப்ப விட்டுட்டேன், உள்ள என்ன நடக்கும்னு தெரிஞ்சு சொல்றேன். கம்பெனி அக்கவுண்டுக்கு போகாத பணம் உங்க லோன்ல ஏறாது, வாங்கினவன் அடுத்த மாசம் வேற ஏஜென்சிக்கு போயிடுவான், புதுசா வர்றவன் உங்ககிட்ட முழு டியூவும் கேப்பான். கட்டுறதா இருந்தா கம்பெனியோட ஆப்ல இல்ல பிராஞ்ச்ல, லோன் நம்பர் போட்டு, ரசீதோட.

டியூ எத்தனை நாள் லேட்டுன்னு பார்த்து பிரிக்கிற, பக்கெட்னு ஒரு கணக்கு எங்களுக்கு உண்டு. 30 நாள் வரைக்கும் ஒண்ணு, 60 வரைக்கும் ஒண்ணு, 90 வரைக்கும் ஒண்ணு. 90 தாண்டிட்டா என்பிஏ, வாராக்கடன். மாசம் 25ம் தேதிக்கு அப்புறம் மேலதிகாரிங்ககிட்ட இருந்து எங்களுக்கு பிரஷர் வரும், அதை அப்படியே உங்க மேல இறக்குவோம். நானும் அந்த மாதிரி சத்தமா பேசியிருக்கேன், அது தப்புன்னு இப்ப மனசார சொல்றேன்.

ஆர்பிஐ 2022 ஆகஸ்ட்ல தெளிவா சொல்லிடுச்சு, காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயந்தரம் 7 மணிக்கு அப்புறமும் வசூலுக்கு போன் பண்ணக்கூடாது, மிரட்டக்கூடாது, வீட்டு ஆளுங்க, ரெஃபரென்ஸ் குடுத்தவங்க, ஃப்ரெண்ட்ஸ் இவங்களை தொந்தரவு பண்ணக்கூடாது. உங்க தங்கச்சிக்கு போன் போனது அப்பட்டமான மீறல். நேர்ல ஒருத்தர் வந்தா ஐடி கார்டும் கம்பெனி குடுத்த ஆதரைசேஷன் லெட்டரும் காட்ட சொல்லுங்க, இல்லன்னா வாசல்லயே பேசி அனுப்பிடுங்க. இனிமே எல்லா காலும் ரெக்கார்ட் பண்ணுங்க, தங்கச்சியையும் அவங்களுக்கு வந்த காலோட தேதி, டைம், நம்பர் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க சொல்லுங்க.

கூடுவெளி மருமகள்:

அக்கா உங்க தங்கச்சி கதைய படிச்சதும் எனக்கு வயித்த பிசைஞ்சிடுச்சு, எனக்கும் இதே மாதிரி நடந்துச்சு. செட்டில்மென்ட் பத்தி மட்டும் சொல்றேன் ஏன்னா அதுல நான் அடிபட்டவ. 2019ல ஒரு கிரெடிட் கார்டு பாக்கி, அவங்க சொன்ன குறைஞ்ச அமௌண்ட்ட கட்டி முடிச்சிட்டேன்னு நிம்மதியா இருந்தேன். 2023ல வீட்டு லோன் கேட்டு போனா ரிஜெக்ட். ஏன்னு பார்த்தா சிபில் ரிப்போர்ட்ல செட்டில்டுன்னு இருக்கு. முழுசா கட்டினா க்ளோஸ்டு, குறைச்சு கட்டினா செட்டில்டு, பேங்க்காரங்க செட்டில்டுன்னு பார்த்தாலே இவங்க பாக்கி வச்சவங்கன்னு எடுத்துக்குறாங்க. அதனால சிபில் க்ளீன் ஆயிடும்னு அந்த ஆள் சொன்னது பொய் அக்கா.

நான் அப்புறமா அந்த பேங்க்குக்கே போயி விட்டுப்போன தொகையையும் கட்டி, பாக்கி இல்லன்ற நோ டியூஸ் சர்டிஃபிகேட் வாங்கினேன். அப்பவும் ரிப்போர்ட்ல மாறல. ரிப்போர்ட்ல தப்பா இருக்குன்னு சிபில் சைட்லயே டிஸ்ப்யூட் போட்டேன், சர்டிஃபிகேட்டை வச்சு பேங்க்குக்கும் மெயில் போட்டேன், மாறிடுச்சு. இப்ப ரூல் இன்னும் நல்லா இருக்கு, 30 நாளைக்குள்ள சரி பண்ணலன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா நஷ்டஈடு தரணும். உங்க ரிப்போர்ட்டை இன்னைக்கே எடுத்து பாருங்க, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க்னு கடன் ரிப்போர்ட் தர்ற நாலு கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணுலயும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஃப்ரீ. நாமளே பார்த்தா ஸ்கோர் குறையாது, பயப்படாதீங்க.

பண்ருட்டி ரூட்:

கூடுவெளி சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒண்ணு, பணமே புரளாதுன்ற நிலைமைல டியூ ஏறிக்கிட்டே போறதை விட செட்டில்மென்ட் தப்பில்ல. இவங்க நிலைமை அது இல்லன்னு எனக்கு படுது, 20 டியூ ஒழுங்கா கட்டினவங்க, கடையும் இருக்கு. அண்ணன்கிட்ட 55 ஆயிரம் புரட்ட முடியும்னா அதுல நாலு டியூவை, அதாவது 26 ஆயிரம் பக்கம், கட்டி லோனை ரெகுலர் பண்ணிடுங்க. நாலையும் முழுசா கட்டினாதான் என்பிஏல இருந்து வெளிய வரும், ரெண்டு மட்டும் கட்டினா வராது. லேட் ஆனது 36 மாச ஹிஸ்டரில தெரியும்தான், ஆனா செட்டில்டு முத்திரை விழாது. பீனல் சார்ஜை, அதாவது லேட்டா கட்டினதுக்கு போடுற அபராதத்தை, குறைச்சு குடுங்கன்னு எழுதி கேளுங்க, கேட்டா நிறைய தடவை குறைப்பாங்க. அந்த பீனல் சார்ஜ் மேல வட்டி போடக்கூடாதுன்னு 2024ல இருந்து ரூல், ஸ்டேட்மென்ட் வாங்கி செக் பண்ணுங்க.

மஞ்சக்குப்பம் குமாஸ்தா:

கோர்ட்ல வேலை பாக்குறேன்மா. போலீஸ் வந்து புடிச்சிட்டு போவாங்கன்னு சொன்னதுக்கு பயப்படாதீங்க, கடன் கட்ட முடியாதது சிவில் விஷயம். ஆனா ஒரு விஷயத்துல அசால்ட்டா இருந்துடாதீங்க, இஎம்ஐ ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆனா செக் பவுன்ஸ் மாதிரியே கேஸ் போட சட்டத்துல இடம் இருக்கு, அதுக்கு முன்னாடி எழுத்து மூலமா நோட்டீஸ் குடுத்து 15 நாள் டைம் குடுக்கணும். ரிஜிஸ்டர் தபால் வந்தா வாங்காம திருப்பி அனுப்பாதீங்க, வாங்கி பதில் குடுங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுல வக்கீல் இலவசம், பாண்டிச்சேரிலயும் உண்டு, இல்லன்னா 15100க்கு அடிங்க. தங்கச்சிக்கு வந்த மிரட்டலுக்கு அவங்க இருக்குற ஏரியா ஸ்டேஷன்லயே மனு குடுக்கலாம், அதுக்காக பாண்டிக்கு அலைய வேண்டாம்.

ரெயின்போநகர் ஜெராக்ஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு வாரமா நைட்டு தூக்கம் இல்ல, நேத்துதான் கொஞ்சம் கண்ணசந்தேன். அந்த ஜிபே ஆள் மறுபடியும் கூப்பிட்டார், கம்பெனி லெட்டர்ஹெட்ல லோன் நம்பர், தொகை, எந்த தேதிக்குள்ள கட்டணும் எல்லாம் போட்டு மெயில் பண்ணுங்கன்னு சொன்னேன், கட் பண்ணிட்டார். அப்புறம் போனே வரல.

வீட்டுக்காரரும் நானும் உக்காந்து எழுதியிருக்கோம், நாலு டியூவும் கட்டுறோம், பீனல் சார்ஜ் தள்ளுபடி வேணும், தங்கச்சி நம்பரை எடுக்கணும், எந்தெந்த தேதில எத்தனை மணிக்கு கூப்பிட்டாங்கன்னு ஒரு பக்கம். திங்கட்கிழமை பிராஞ்ச்ல குடுக்குறோம். அவங்க கண்டுக்கலன்னா அடுத்து எங்க போறது அண்ணா?

பண்ருட்டி ரூட்:

அதே லெட்டரை கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மெயில் போடுங்க, அட்ரஸ் அவங்க வெப்சைட்லயே இருக்கும். 30 நாள் ஆகியும் பதில் இல்லன்னாலோ பதில் சரியில்லன்னாலோ ஆர்பிஐ ஆம்புட்ஸ்மேன்கிட்ட (இந்த மாதிரி புகாரை விசாரிக்கிற அதிகாரி) ஆன்லைன்ல புகார் போடலாம், காசு கிடையாது, சந்தேகம்னா 14448க்கு பேசுங்க. அதுக்கு முதல்ல கம்பெனிகிட்ட குடுத்தீங்கன்றதுக்கு சாட்சி வேணும். அதனால திங்கட்கிழமை ரெண்டு காப்பி எடுத்துட்டு போங்க, ஒண்ணுல சீல், கையெழுத்து, தேதி மூணும் வாங்காம பிராஞ்சை விட்டு இறங்காதீங்க.